குடியானவர் கொள்முதலில் பீஜகணிதத்தின் உபயோகம்

வயலின் வரப்பில் நின்று கண்மதிப்பாகவே 'இவ்வயல் இத்தனை மூட்டை காணும்' என்று சொல்லத்தக்க குடியானவர்கள் கிராமந்தோறும் உண்டு. மழை எத்தனை உழவு பெய்தது என்பதையும், வைக்கோல் போர் எத்தனை மாதத்திற்கு வரும் என்பதையும் அவர்கள் காகிதமும் எழுதுகோலும் இன்றிக் கணித்துவிடுவர். ஆயினும் அதே குடியானவர் உரக்கடையிலோ விதைக்கடையிலோ போய் நிற்குங்கால், மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் விலை ஒன்றையே பார்த்து, 'இது மலிவு, இது கிராக்கி' என்று தீர்மானித்துவிடுகிறார். அத்தீர்மானம் பல சமயங்களில் பிழையாக முடிகிறது. மண்ணைப் பார்த்து ஏமாறாதவர் மூட்டையைப் பார்த்து ஏமாறுவதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமையே காரணமாகும்.

கடையில் கைமாறுவது மூட்டை. வயலுக்கு வேண்டுவதோ மூட்டையிலுள்ள சத்து. விதைப்பையில் எடை குறிக்கப்பட்டிருக்கிறது. நாற்றங்காலுக்கு வேண்டுவது முளைக்கும் விதை. கடனுக்கு வாங்கும் சரக்கிற்கு ஒரு விலை சொல்லப்படுகிறது. அதற்குள் அடங்கியுள்ள வட்டி சொல்லப்படுவதில்லை. இவ்வாறு, குடியானவர் உண்மையில் எதை வாங்குகிறாரோ அதன் விலை எங்கும் எழுதப்படாமலே இருக்கிறது. எழுதியுள்ளதைக் கொண்டு எழுதப்படாததைக் கண்டுபிடிக்கும் முறைக்கே பீஜகணிதம் என்று பெயர். இயற்கணிதம் என்னும் பெயரால் பள்ளிப் பிள்ளைகள் இன்று படிப்பதும் இதுவே. அதில் மிகவும் எளிய பகுதி மட்டும் தெரிந்திருந்தால், ஒரு சாகுபடிப் பருவத்தின் கொள்முதல் முழுவதையும் சீர்தூக்கிப் பார்க்கலாம்.

தெரியாததற்கு ஓர் எழுத்து

இக்கணிதம் இந்நாட்டிற்குப் புதிதன்று. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாஸ்கராசாரியார் தம் பீஜகணித நூலில், தெரியாத தொகையை 'யாவத்தாவத்', அஃதாவது 'எவ்வளவோ அவ்வளவு' என்று குறித்தார். தெரியாத தொகைகள் ஒன்றுக்கு மேற்பட்டால் கருமை, நீலம், மஞ்சள் முதலிய நிறங்களின் பெயரை ஒவ்வொன்றிற்கும் இட்டு, அப்பெயரின் முதலெழுத்தை எழுதிக் கணக்குச் செய்தனர். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அல்குவாரிஸ்மி என்பார் அரபு மொழியில் எழுதிய நூலின் பெயரிலுள்ள 'அல்ஜபர்' என்னும் சொல்லிலிருந்தே அல்ஜீப்ரா என்ற பெயர் பிறந்தது. பாகப்பிரிவினை, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நாள்தோறும் வேண்டிய கணக்குகளுக்காகவே தம் நூலை இயற்றியதாக அவர் முகவுரையில் கூறியுள்ளார். ஆகவே இது பண்டிதர்க்கென்று பிறந்த வித்தையன்று. நிலமும் நீரும் பங்கிடுவோர்க்குப் பிறந்த வித்தையேயாம்.

இதன் விதி ஒன்றே. இரு தட்டும் சமமாக நிற்கும் தராசு ஒன்றை மனத்தில் கொள்க. ஒரு தட்டில் எதைச் செய்தாலும் மற்றத் தட்டிலும் அதனையே செய்தால் தராசு சாயாது. ஒரு தட்டிலிருந்து 5 கிலோ எடுத்தால் மற்றதிலிருந்தும் 5 கிலோ எடுக்க வேண்டும். ஒன்றைப் பாதியாக்கினால் மற்றதையும் பாதியாக்க வேண்டும். தெரியாத தொகை ஒரு தட்டில் தனித்து நிற்கும் வரையில் இவ்வாறு செய்துகொண்டே போனால், எதிர்த்தட்டில் இருப்பதே விடை. சமமாக நிற்கும் இந்தத் தராசைச் சமன்பாடு என்பர்.

இனி, நஞ்சை ஐந்து ஏக்கர் பயிரிடும் ஒரு குடியானவர் பருவத் தொடக்கம் முதல் அறுவடை முடிய எதிர்ப்படும் கணக்குகளை ஒவ்வொன்றாகக் காணலாம். கீழே காட்டும் விலைகள் எடுத்துக்காட்டிற்காகவே. அவை காலத்திற்கும் கடைக்கும் ஏற்ப மாறும்; கணக்கின் வழி மாறாது. படிப்போர் தம் ஊரின் அன்றைய விலையை அவ்விடத்தில் பெய்து கொள்க.

விதையின் உண்மை விலை

ஒரு கடையில் நெல் விதை கிலோ ரூ. 40; அதன் முளைப்புத் திறன் 100-க்கு 80. மற்றொருவரிடம் அதே இரகம் கிலோ ரூ. 34, அதன் முளைப்புத் திறன் 100-க்கு 60. எது மலிவு?

முளைக்கும் விதை ஒரு கிலோவின் விலையை 'வ' என்று கொள்க. முதல் விதையில் கிலோ ஒன்றுக்கு 0.80 கிலோவே முளைக்கும். ஆகவே,

0.80 × வ = 40; வ = ரூ. 50.

இரண்டாவதில்,

0.60 × வ = 34; வ = ரூ. 56.67.

கிலோவுக்கு 6 ரூபாய் குறைவாகத் தோன்றிய விதையே உண்மையில் விலை கூடியது. ஏக்கருக்கு நல்ல விதை 24 கிலோ வேண்டுமிடத்தில், இரண்டாவது விதை 32 கிலோ வேண்டும். முதலாவதற்கு ரூ. 960 ஆகும், இரண்டாவதற்கு ரூ. 1,088 ஆகும். ஐந்து ஏக்கருக்கு ரூ. 640 வித்தியாசம் ஏற்படுவதன்றி, முளைப்புக் குன்றிய விதையின் நாற்றும் வீரியம் குறைந்து ஒன்றுபோல் வளராது.

சான்று பெற்ற நெல் விதைக்கு முளைப்புத் திறன் 100-க்கு 80-க்குக் குறையாமலும், புறத்தூய்மை 98-க்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும் என்பது விதி. சான்று அட்டை இல்லாத விதையாயின், நூறு விதைகளை எண்ணி நனைந்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் உலராமல் வைத்திருந்து, முளைத்தவற்றை எண்ணிப் பார்ப்பதே போதும். அவ்வெண் தெரியாத வரையில் விதையின் விலையும் தெரியாது என்றே கொள்ள வேண்டும்.

உரத்தில் சத்தின் விலை

யூரியாவில் 100-க்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து அடங்கியிருக்கிறது. மூட்டை ரூ. 266.50 ஆயின், தழைச்சத்துக் கிலோ ஒன்றின் விலையைத் 'த' என்று கொண்டு,

20.7 × த = 266.50; த = ரூ. 12.87.

டி. ஏ. பி. என வழங்கும் டை அம்மோனியம் பாஸ்பேட்டில் சத்து இரண்டு. 50 கிலோ மூட்டையில் 100-க்கு 18 வீதம் தழைச்சத்து 9 கிலோவும், 100-க்கு 46 வீதம் மணிச்சத்து 23 கிலோவும் உண்டு. மூட்டை ரூ. 1,350 என்று கொண்டு, மணிச்சத்துக் கிலோவின் விலையை 'ம' என்று குறித்தால்,

9த + 23ம = 1,350.

இங்குத் தெரியாதவை இரண்டாகத் தோன்றினும், 'த' யூரியாவிலிருந்தே தெரிந்துவிட்டது. 9 × 12.87 = 115.83 என்பதை இரு தட்டிலிருந்தும் கழிக்க, 23ம = 1,234.17 என்றாகும். ஆகவே ம = ரூ. 53.66.

இவ்விரு விலைகளும் கையிலிருந்தால் வேறெந்த உரத்தையும் மதிப்பிடலாம். ஸூப்பர் பாஸ்பேட் 50 கிலோ மூட்டையில் 100-க்கு 16 வீதம் மணிச்சத்து 8 கிலோ இருக்கும். அதன் மதிப்பு 8 × 53.66, அஃதாவது ரூ. 429. மூட்டை ரூ. 429-க்குக் குறைந்தால் மணிச்சத்திற்கு ஸூப்பர் பாஸ்பேட்டே மலிவு. ரூ. 520 என்று விற்றால், மிகுதியான ரூ. 91 எதற்குக் கொடுக்கப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஸூப்பரில் 100-க்கு 11 வீதம் கந்தகமும் உண்டு, மூட்டைக்கு 5.5 கிலோ. ஆகவே அந்த ரூ. 91-ஐக் கந்தகத்தின் விலை எனக் கொண்டால், கிலோ ரூ. 16.55 ஆகிறது. நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துப் பயிர்களுக்குக் கந்தகம் இன்றியமையாதது; அங்கு இவ்விலை தகுதியாக இருக்கலாம். ஆனால் கடலைக்கு மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ வீதம் ஜிப்சம் இடுபவர்க்குக் கந்தகம் அதிலேயே கிடைத்துவிடும். தூய ஜிப்சத்தில் 100-க்கு 18 பங்கிற்குச் சற்று மேலாகக் கந்தகம் உண்டு. தூய்மை குறையுமளவிற்கு அதுவும் குறையும். எனவே ஜிப்சத்தின் விலையையும் கந்தகக் கிலோவுக்கு மாற்றி ஒப்பிட்டுப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

கலப்பு உரங்களுக்கும் இதுவே உரைகல். 17:17:17 என்று குறித்த 50 கிலோ மூட்டையில் மூன்று சத்தும் தனித்தனியே 8.5 கிலோ உள்ளன. பொட்டாஷ் உரத்தில் 100-க்கு 60 பங்கு சாம்பல் சத்து. 50 கிலோ மூட்டையில் 30 கிலோ. அம்மூட்டை ரூ. 1,650 ஆயின் சாம்பல் சத்துக் கிலோ ரூ. 55. மூன்று சத்தின் விலையையும் கூட்டினால் 12.87 + 53.66 + 55 = ரூ. 121.53. இதனை 8.5-ஆல் பெருக்க, ரூ. 1,033 வரும். கலப்பு உர மூட்டை இதற்கு மேல் எவ்வளவு விற்கிறதோ, அவ்வளவும் ஒரே மூட்டையில் எல்லாம் கிடைக்கும் சௌகரியத்திற்காகக் கொடுக்கும் கூலி. அச்சௌகரியம் சிலருக்கு வேண்டியதாகவே இருக்கலாம்; அதன் விலை இவ்வளவு என்று அறிந்து கொடுப்பதே முறை.

எத்தனை மூட்டை வாங்குவது?

மண் பரிசோதனையின்படி நெல்லுக்கு ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோவும், மணிச்சத்து 20 கிலோவும், சாம்பல் சத்து 20 கிலோவும் இடவேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். டி. ஏ. பி. 'ட' கிலோ, யூரியா 'ய' கிலோ எனக் கொண்டால் இரண்டு சமன்பாடுகள் எழும்.

மணிச்சத்திற்கு: 0.46ட = 20.

தழைச்சத்திற்கு: 0.18ட + 0.46ய = 60.

முதற் சமன்பாட்டிலிருந்து ட = 43.5 கிலோ. அதனை இரண்டாவதில் இட, டி. ஏ. பி. யிலிருந்தே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. எஞ்சிய 52.2 கிலோவிற்கு யூரியா 113.4 கிலோ போதும். சாம்பல் சத்து 20 கிலோவிற்குப் பொட்டாஷ் 33.3 கிலோ. ஐந்து ஏக்கருக்கு யூரியா 567 கிலோ. மூட்டைக் கணக்கில் பன்னிரண்டரைக்குச் சற்று மேல்.

பெரும்பாலோர் செய்யும் பிழை யாதெனில், டி. ஏ. பி. யை மணிச்சத்து உரம் என்று மட்டும் எண்ணி, அதிலுள்ள தழைச்சத்தைக் கணக்கில் சேர்க்காமல், 60 கிலோவிற்கும் யூரியாவையே வாங்கிவிடுவது. அவ்வாறு வாங்கினால் ஏக்கருக்கு 130.4 கிலோ ஆகும். ஏக்கருக்கு 17 கிலோவும், ஐந்து ஏக்கருக்கு 85 கிலோவும் மிகை. பணத்தில் இது ஏறக்குறைய ரூ. 500 மட்டுமே, அதனால் பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் நஷ்டம் அத்துடன் நிற்பதில்லை. தழைச்சத்து மிகுந்த பயிர் கரும்பச்சையாய்ச் செழித்துத் தோன்றினும், இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலைநோய் ஆகியவற்றிற்கு எளிதில் இரையாகும். கதிர் முற்றும் தறுவாயில் காற்றடித்தால் சாய்ந்துவிடும். பின்னர்ப் பூச்சி மருந்திற்கும் தெளிப்புக் கூலிக்கும் செலவாகும் தொகை, யூரியாவின் விலையினும் பன்மடங்காகும். கடையில் எழுதாமல் விட்ட ஒரு வரிக் கணக்கு வயலில் இவ்வாறு வந்து நிற்கிறது.

மாட்டுத் தீனிக் கலவை

கறவை மாட்டிற்கு 100-க்கு 20 பங்கு புரதம் அமைந்த தீனி 100 கிலோ சேர்க்க வேண்டும். கடலைப் புண்ணாக்கில் புரதம் 100-க்கு 45 பங்கும், தவிடும் உடைத்த சோளமும் சேர்ந்த கலவையில் 12 பங்கும் இருப்பதாகக் கொள்க. புண்ணாக்கு 'ப' கிலோ ஆயின் கலவை (100 − ப) கிலோ.

45ப + 12 (100 − ப) = 20 × 100

33ப = 800; ப = 24.2 கிலோ.

புண்ணாக்கு 24 கிலோவிற்குச் சற்று மேலும், ஏனையது 76 கிலோவிற்குச் சற்றுக் குறைவும் போதும். தாது உப்புக் கலவையும் கறியுப்பும் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். 'பாதிக்குப் பாதி' என்று கண்மதிப்பில் கலப்பவர், விலை மிகுந்த புண்ணாக்கை இரண்டு பங்காகச் செலவிடுகிறார். மாட்டிற்கு வேண்டாத புரதம் சாணத்திலும் கோமியத்திலும் கழிந்து போகிறது.

ஊர்க்கடையா, நகரக்கடையா?

புண்ணாக்கு மூட்டை ஊர்க்கடையில் ரூ. 2,600, நகரத்தில் ரூ. 2,450. ஆனால் வண்டி வாடகை ரூ. 900. எத்தனை மூட்டை வாங்கினால் நகரத்திற்குப் போவது இலாபம்? மூட்டை எண்ணிக்கை 'எ' ஆனால்,

2,600எ = 2,450எ + 900

150எ = 900; எ = 6.

ஆறு மூட்டைக்குக் குறைந்தால் ஊர்க்கடையே மேல். ஆறில் இரண்டும் சமம். அதற்கு மேற்பட்டால் நகரம் மேல். மூன்று மூட்டை வேண்டியவர்கள் நால்வர் ஒன்று கூடினால் பன்னிரண்டு மூட்டை; வாடகை போக ரூ. 900 மிச்சம். அண்டை அயலார் சேர்ந்து கொள்முதல் செய்வதன் நன்மை இச்சிறு கணக்கில் விளங்கும்.

'பத்து வாங்கினால் ஒன்று இனாம்' என்னும் விளம்பரத்தையும் இங்ஙனமே சோதிக்கலாம். பதினொன்றிற்குப் பத்தின் விலையைக் கொடுப்பதால், தள்ளுபடி 11-இல் 1 பங்கு. அஃதாவது 100-க்கு 9.09. அடுத்த கடையில் 100-க்கு 10 தள்ளுபடி என்றால் அதுவே மேல். அன்றியும் ஏழு பொட்டலம் மட்டும் வேண்டியவர் இனாமை நம்பிப் பத்திற்குப் பணம் கொடுத்தால், எஞ்சிய நான்கும் காலாவதியாகி மூலையில் கிடக்கும்.

கடனில் மறைந்திருக்கும் வட்டி

ரொக்கமாக வாங்கினால் ரூ. 18,000 ஆகும் உரமும் மருந்தும், நான்கு மாதத்தில் அறுவடைக்குப் பின் கொடுப்பதானால் ரூ. 19,800 என்று சொல்லப்படுகின்றன. 'ஆயிரத்து எண்ணூறுதானே மிகுதி' என்று குடியானவர் ஒப்புக்கொள்கிறார். வருஷத்திற்கு 100-க்கு வட்டி 'வ' எனக் கொண்டால்,

18,000 × வ × 4 ÷ 1,200 = 1,800

60வ = 1,800; வ = 30.

வருஷத்திற்கு 100-க்கு 30 ரூபாய் வட்டி! அதே தொகையை 100-க்கு 7 வட்டியுள்ள பயிர்க்கடனாகப் பெற்றிருந்தால் நான்கு மாதத்து வட்டி ரூ. 420 மட்டுமே; மிச்சம் ரூ. 1,380. இத்தகைய நெருக்கடியிலிருந்து குடியானவரை மீட்பதற்காகவே 1904-ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. சங்கக் கடன் பெறுவதற்குப் பருவத்திற்கு முன்பே சிட்டா, அடங்கல் முதலியவற்றைச் சேகரித்து மனுச் செய்ய வேண்டும். அச்சிரமத்திற்கு அஞ்சுபவர் அதன் கூலியாக எவ்வளவு கொடுக்கிறார் என்பதை இச்சமன்பாடு காட்டுகிறது.

நெல்லின் ஈரக் கழிவு

வாங்கும்போது உதவும் கணக்கு விற்கும்போதும் உதவும். இதுவே எல்லாவற்றினும் பெரிய தொகை புரளுமிடம்.

அரசு நெல் கொள்முதலில் ஈரப்பதத்தின் வரம்பு சாதாரணமாக 100-க்கு 17. ஒருவரது நெல்லில் ஈரம் 22 இருக்கிறது. களத்திற்கு வந்த வியாபாரி, 17 ஈரமுள்ள நெல்லின் விலையையே தருவதாகவும், ஆனால் ஈரத்திற்காகக் குவிண்டாலுக்கு 10 கிலோ கழிவு வேண்டும் என்றும் சொல்கிறார். குடியானவரோ, '22-இல் 17 போக 5. ஆகையால் 5 கிலோதான் கழிக்கலாம்' என்கிறார். இருவரும் உரத்துப் பேசுகின்றனர். எவர் சொல்வது சரி?

நெல் காயும்போது போவது நீர் மட்டுமே. நீர் நீங்கிய உலர்பொருள் குறைவதில்லை. 100 கிலோவில் 22 கிலோ நீர் போக உலர்பொருள் 78 கிலோ. 17 ஈரத்திற்குக் காய்ந்தபின் எடை 'ந' கிலோ எனக் கொண்டால், அதில் உலர்பொருள் 100-க்கு 83.

0.83ந = 78; ந = 93.98 கிலோ.

ஆகவே நியாயமான கழிவு 6 கிலோ. வியாபாரி கேட்ட 10-ம் பிழை; குடியானவர் சொன்ன 5-ம் பிழை. காயவைக்கும் கூலியை வியாபாரி ஏற்பதனால் அதனைத் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஈரத்தின் பெயரால் அதனை மறைத்தல் கூடாது. 10 கிலோ கழிவிற்கு இசைந்திருந்தால் குவிண்டாலுக்கு 4 கிலோ நெல் விலையின்றிப் போயிருக்கும். ஐந்து ஏக்கரில் 100 குவிண்டால் கண்டவருக்கு அது 4 குவிண்டால், குவிண்டால் ரூ. 2,300 வீதம் ரூ. 9,200. மேலே கூறிய விதை, யூரியா, புண்ணாக்கு, வட்டி ஆகிய நான்கிலும் மிச்சப்படுத்தியதைக் கூட்டினாலும் இத்தொகைக்கு ஈடாகாது.

சமன்பாடு எவர் பக்கமும் சேர்வதில்லை என்பதும் இதனால் விளங்கும். அது குடியானவரின் பிழையையும் காட்டிற்று. வியாபாரியின் பிழையையும் காட்டிற்று. சச்சரவு மூளுமிடத்தில் அதைவிடச் சிறந்த மத்தியஸ்தர் இல்லை.

நினைவில் வைக்கத்தக்கவை

1. கடையில் விலை கேட்குமுன், 'உண்மையில் வாங்குவது எது?' என்று தீர்மானித்துக்கொள்க. சத்தா, முளைக்கும் விதையா, புரதமா, உலர்ந்த நெல்லா என்பது தெளிந்தால் கணக்கில் பாதி முடிந்தது.

2. தெரியாததற்கு ஓர் எழுத்தை இட்டு, தெரிந்தவற்றை அதனுடன் சேர்த்து ஒரு வரியாக எழுதுக. மனக்கணக்காகச் செய்யற்க, மனக்கணக்கு அவசரத்தில் பிழைபடும்.

3. தெரியாதவை இரண்டாயின் சமன்பாடுகளும் இரண்டு வேண்டும். ஒன்றே கிடைத்தால், மற்றொரு சரக்கின் விலையிலிருந்து இரண்டாவதைத் தேடிக்கொள்க.

4. கிடைத்த விடையை மீண்டும் முதல் வரியில் இட்டுச் சரிபார்க்க. இரு தட்டும் ஒத்தால் விடை சரி.

5. மூட்டையின் எடையைப் படித்துப் பார்க்க. யூரியா மூட்டை முன்னர் 50 கிலோவாக இருந்து 2018-ஆம் ஆண்டு முதல் 45 கிலோவாகியது. பழைய வழக்கப்படி மூட்டைக் கணக்கில் இடுபவர் அளவு தவறுவர்.

இக்கணக்குகளில் ஒன்றேனும் எட்டாம் வகுப்பில் படிக்கும் மாணவருக்கு அப்பாற்பட்டதன்று. பள்ளியில் இதனைப் பயிலும் பிள்ளை இல்லாத தெரு இன்று அரிது. மாலையில் உர மூட்டையின் விலையைச் சொல்லிச் சத்தின் விலையைக் கண்டு தருமாறு மகனிடமோ மகளிடமோ கேட்கும் தகப்பனார், செலவையும் குறைத்துக்கொள்வார். பிள்ளை படிக்கும் பாடம் எதற்கு உதவும் என்பதையும் அதற்குக் காட்டியவராவார்.

கிராம உத்தியோகஸ்தர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும் இதில் செய்யத்தக்கது ஒன்று உண்டு. பருவத் தொடக்கத்தில் சங்கக் கட்டடத்தின் கரும்பலகையில், அன்றைய விலையின்படி தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகியவற்றின் கிலோ விலையை எழுதி வைக்கலாம். அறுவடைக் காலத்தில் 18 முதல் 24 வரை ஒவ்வோர் ஈரப்பதத்திற்கும் குவிண்டாலுக்கு எத்தனை கிலோ கழிவு நியாயம் என்பதைக் கணித்து, களத்தில் யாவரும் காணுமாறு தொங்கவிடலாம். ஒரு மாலைப்பொழுதின் வேலை இது. நெல்லை நிறுத்துக் கொடுக்க வரும் ஏழைக் குடியானவரும் அப்பலகையைப் பார்த்து, 'ஆறு கிலோதான் கழிவு' என்று தாழாத குரலில் சொல்ல அது போதுமானதாகும்.